நகராத சைக்கிளுக்கு ஒரு மீட்டர்

சைக்கிள் ஓட்டுவதைத் தேகப்பயிற்சியாகக் கைக்கொண்டவர்களுக்குச் சின்னாளப்பட்டியைச் சுற்றிப் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு புறம் காந்திகிராமத்தை ஒட்டிய சமவெளிச் சாலைகளும், மறுபுறம் 18 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சிறுமலைப் பாதையும் இருக்கின்றன. ஆயினும், திண்டுக்கல் – மதுரை நெடுஞ்சாலையில் விரையும் லாரிகளையும், சித்திரை வைகாசி வெயிலையும், வேலை முடிந்து இரவில்தான் அவகாசம் கிடைக்கும் நிலைமையையும் கருதுகிறவர், பின்சக்கரத்தை உருளையின்மேல் அமர்த்தி வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரை நாடுவது நியாயமே. அந்த உழைப்பை அளக்க மலிவான மீட்டர் ஒன்று போதுமா என்பதே இங்கே ஆராயத்தக்க விஷயம்.

மலிவான மீட்டரின் தத்துவம் மிக எளியது. சக்கரக் கம்பியில் பூட்டிய சிறு காந்தம், சட்டத்தில் கட்டிய உணர்வியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று எனக் கணக்கிட்டு, நாம் முன்னரே பதிந்து வைத்த சக்கரச் சுற்றளவால் அதைப் பெருக்கி, வேகத்தையும் தூரத்தையும் அது சொல்லிவிடுகிறது. 700×25 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2105 மில்லிமீட்டர். சக்கரம் விநாடிக்கு 4 முறை சுழன்றால், மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் என்று திரையில் தெரியும். செயற்கைக்கோளின் தயவு இதற்கு வேண்டியதில்லை. பன்மடங்கு விலையுள்ள ஜி.பி.எஸ். மீட்டரோ, தனி உணர்வி இணைக்கப்படாதவரை, இருந்த இடத்திலேயே வியர்வை சிந்துகிறவருக்கு வேகமே இல்லை என்றுதான் சொல்லும்.

ஆனால், இந்த எளிமையிலேயே குறையும் அடங்கியிருக்கிறது. சாதாரண மீட்டர்கள் முன்சக்கரத்துக்கென்றே செய்யப்படுகின்றன. ட்ரெய்னரிலோ முன்சக்கரம் அசைவதே இல்லை. உணர்வியைப் பின்னால் கட்டலாமென்றால், கம்பியுள்ள மீட்டரின் கம்பி ஹேண்டில்பாரிலிருந்து அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. கம்பியில்லா மலிவு மீட்டர்களிலும் உணர்வியின் சமிக்ஞை பெரும்பாலும் முன்சக்கரத் தூரத்தையே கணக்கிட்டு அமைக்கப்பட்டது. பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுப் பூட்டும் ட்ரெய்னர் வைத்திருப்பவருக்குக் காந்தம் கட்டச் சக்கரமே இல்லை.

இதனினும் ஆழமான குறை, திரையில் தெரியும் எண்ணின் அர்த்தத்தைப் பற்றியது. எதிர்காற்றும் ஏற்றமும் இல்லாத அறையில் தோன்றும் 30 கிலோமீட்டர், சாலையின் 30 கிலோமீட்டர் ஆகாது. டயரில் காற்று சற்றுக் குறைந்தாலும், உருளையை அழுத்தும் திருகு அரைச்சுற்று மாறினாலும், அதே உழைப்புக்கு வேறு வேகம் காட்டும். எனினும் அந்த எண் பிரயோஜனமற்றது என்று தள்ளுவதும் தவறு. சற்றே குறைந்த முழக்கோலாயினும், எல்லாத் துணியையும் அதே கோலால் அளந்தால் எது நீளம் என்பது தெரிந்துவிடுவதைப் போல, ஒவ்வொரு முறையும் டயரின் காற்றையும் திருகின் இறுக்கத்தையும் ஒரே அளவில் வைத்துக்கொள்பவருக்கு, இன்றைய உழைப்பு சென்ற வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்பதை மலிவு மீட்டரே பிரத்தியட்சமாகக் காட்டிவிடும்.

ஆகவே, வாங்குகிறவர் வேகத்தைவிட, நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்கிறோம் என்று சொல்லும் கேடன்ஸ் வசதிக்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அந்த எண் டயரையும் உருளையையும் சார்ந்ததன்று, பின்சக்கரம் இல்லாத ட்ரெய்னரிலும் கிடைக்கக்கூடியது. ஏற்கெனவே ஸ்மார்ட்போன் உள்ளவர், புளூடூத் உணர்வி ஒன்றைக் கிராங்கில் பூட்டி, போனையே திரையாக்கிக்கொண்டால் மீட்டருக்கான செலவும் மிச்சம். போனில் வியர்வை படாமல் காப்பது மட்டுமே அவர் பொறுப்பு.

மலிவு மீட்டர் வீட்டுப் பயிற்சிக்குப் போதுமானது என்பதே என் முடிவு. ஆனால் பின்சக்கரத்தையோ மிதியையோ உணராத மீட்டர், எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வீண்செலவுதான். கடையில் விலையைக் கேட்பதற்கு முன், உணர்வியை எங்கே கட்டலாம் என்று கேளுங்கள்; மிச்சப்படும் பணத்தில் ஒரு நல்ல மின்விசிறி வாங்கி எதிரே வையுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் மிதிக்கும் உடம்புக்கு மீட்டரைவிட அதுவே அவசியம்.