மலையகத்தில் மரமும் பாத்தியதையும்

காட்டின் அயலில் வாழும் ஜனங்களே அதைப் பரிபாலிக்க வேண்டும், மரமும் பயிரும் ஒரே நிலத்தில் இணங்கி வளர வேண்டும், ஊராரின் தெய்வ பக்தி அவ்விரண்டுக்கும் காவலாக நிற்க வேண்டும் என்று இக்காலத்து வனத்துறை அறிஞர் கூறும் சித்தாந்தம் கேட்பதற்கு இனிதேயாயினும், நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வைத்து அதை எடைபோட்டுப் பார்ப்பவனுக்கு அதன் மேன்மையும் ஊனமும் ஒருங்கே புலப்படும்.

கோப்பிக்காக இம்மலைகளின் காடு அழிந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை வெட்டலாகாதென்று 1873இல் அரசாங்கம் தடுத்தது நற்காரியமே. ஆயினும், காட்டை வெட்டிய தொழிலாளியையோ, தலைமுறை தலைமுறையாக அதை அநுபவித்த கண்டிக் கிராமத்தானையோ யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

கேளாவிட்டாலும் தொழிலாளியிடம் மரத்தைப் பற்றிய ஞானம் வளர்ந்தது. நிழலுக்காகத் தேயிலையினிடையே நின்ற முள்முருங்கையின் கிளையை எந்த மழைக்கு முன் கழித்தால் மண்ணுக்கு உரமாகும் என்பதையும், தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்தில் விழும் மிலாறுக் குச்சிகளில் எது அடுப்புக்கு உதவும் என்பதையும், லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் வாழும் பெண் கைப்பழக்கத்தால் அறிவாள். கவ்வாத்துக் கத்தி மலையில் இறங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை நடக்கும். மலையோரத்து மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் நாட்டி முனியாண்டி என்று வணங்கிவிட்டால், பின்னர் அந்த மரத்தில் கத்தி வைக்க ஒருவனும் துணியான். சட்டப் புத்தகம் எட்டாத இடத்தில் பயபக்தி எட்டுகிறது என்பதே இச்சம்பிரதாயத்தின் விசேஷம்.

ஆனால் முனியாண்டி காப்பது தம் மரத்தை மட்டுமே; லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நீர் தரும் ஓடைக்கரை முழுவதையும் அவர் காப்பதில்லை. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது, நிழலின் ஈரம் அந்நோயை வளர்க்கிறதென்று உயர்மலைத் தோட்டங்களில் நிழல்மரங்களைக் குறைத்தார்கள். அதைத் தீர்மானித்தது விஞ்ஞானமும் லாபக் கணக்குமே அன்றி ஊர்ச்சபை அன்று. தவிரவும், கோயில் கமிட்டியில் ஆண்களே பேச, விறகு சுமக்கும் பெண்ணுக்கு அங்கே பெரும்பாலும் வாயில்லை. ஜீவகாருண்யத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது: 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் அருமையான கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் சிக்கி, சில நாளில் மாண்டுபோயிற்று. பக்தியுள்ள ஜனங்களிடையேதான் கண்ணியும் இருக்கிறது!

இந்த ஊனங்களுக்கெல்லாம் வேர் ஒன்றே என்பது என் துணிபு: காப்பவனுக்குப் பாத்தியதை இல்லை. 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய சமூக வனத்திட்டம் நுவரெலியா மாவட்டத்தையும் உள்ளடக்கியது. ஆனால் அத்தகைய திட்டங்களுக்குக் கைகொடுப்பவன் காணியுள்ள கிராமத்தான். லயத்தில் குடியிருப்பவனுக்கோ தன் அறைச் சுவர்கூடச் சொந்தமில்லை. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் 22 கம்பெனிகளின் கைக்குப் போனபோதும் இந்நிலை மாறவில்லை. யூகலிப்டஸ் நடுவதும் வெட்டுவதும் கம்பெனியின் அதிகாரம். மரம் விற்ற பணத்தில் லயத்துக்குப் பங்கில்லை. எவனுக்கோ சொந்தமான மரத்தை எத்தனை காலம் ஒருவன் பக்தியால் மட்டும் காப்பான்?

வீட்டுக்கென 7 பேர்ச் காணி அளந்து கொடுக்க முன்வந்த அரசாங்கம், பீலிக்கு மேலுள்ள ஓடைக்கரையையும், தேயிலை பிடுங்கிக் கைவிட்ட மலைச்சரிவையும், பெண்களும் சமமாக அமரும் ஒரு சபையின் பெயரில், மரத்தின் பலனில் உரிய பங்குடன், உறுதி எழுதிக்கொடுக்க வேண்டும்.