சுமை தாங்கும் சைக்கிள்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை டீக்கடைச் சுவரில் எப்போதாவது ஒரு தூரதேசத்து சைக்கிள் சாய்ந்திருக்கும். சக்கரத்தின் இருபுறமும் தாழத் தொங்கும் பைகள்தான் முதலில் கண்ணில் படும். பாரம் கீழே இருந்தால் வண்டி தள்ளாடாது. நம்மூர்ப் பால்காரருக்குத் தெரிந்த சங்கதிதான். நெடும்பயணக்காரர்கள் பலர் இன்னும் இரும்புச் சட்டத்தை விடுவதில்லை. கனம்தான், ஆனால் விரிசல் விட்டால் எந்தச் சின்ன ஊர்ப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துவிடலாம். சட்டத்தோடு டேப் சுற்றி ஒட்டிய உபரி ஸ்போக்ஸ் கம்பிகளைப் பார்த்தால் எனக்கு அந்த ஆள்மேல் தனி மரியாதை வந்துவிடும்.

இந்த வண்டிகளைப் பார்த்தால் ஒரு பழைய பயணம் நினைவுக்கு வரும். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் ஹக்கீம், பாபசோலா, பூம்காரா மூவர் மட்டும் பாரசீகம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா எல்லாம் கடந்து 1928இல் வீடு திரும்பினார்கள். சுமார் 71,000 கிலோமீட்டர். அண்ணாமலையைச் சுற்ற 14. அந்தக் கணக்கில் ஐயாயிரம் கிரிவலத்துக்கு மேல். அதுவும் அந்தக் காலத்து வண்டியில்!

டீ ஆறுவதற்குள் கடைப் பையன் பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுகிறான்.