கேட்காமல் சுமத்தப்பட்ட சிலுவை

வருந்தலைமுறையின் விடுதலைக்காகத் துன்பத்தை விரும்பி ஏற்போரைப் போற்றுகிறோம். அத்துன்பம், விரும்பாமலே அவர்தம் பிள்ளைகள் மீதும் விழுவதை மறந்துவிடுகிறோம். 1994இல் வெளிவந்த நெல்சன் மண்டேலாவின் தன்வரலாறான 'லாங் வாக் டு ஃப்ரீடம்' அதை மறக்கவில்லை. அதுவே இந்நூலின் தனிச்சிறப்பு.

ராபன் தீவுச் சிறையில் 1974இல், இரவு வேளைகளில் மறைவாக எழுதத் தொடங்கப்பட்ட நூல் இது. மண்ணில் புதைத்துவைத்த தாள்கள் பிடிபட்டபோது, அவருக்குக் கல்வி கற்கும் சலுகை நான்காண்டுகள் மறுக்கப்பட்டது. ஆயினும் மற்றொரு படி, விடுதலையான தோழர் ஒருவர் வழியாக 1976இலேயே வெளியேறியிருந்தது.

சுண்ணாம்புக்கல் குழியில் உழைத்ததையும் கண்கள் கெட்டதையும் மண்டேலா புலம்பலின்றி, சில இடங்களில் நகைச்சுவையோடுகூடச் சொல்கிறார். 1968இல் தாயும், 1969இல் சாலை விபத்தில் மூத்த மகன் தெம்பியும் இறந்ததைச் சொல்லுமிடத்தில் அவ்வமைதி தளர்கிறது. இரு அடக்கங்களுக்கும் செல்ல அரசு அவருக்கு அனுமதி தரவில்லை.

இங்கே ஒரு குறையும் உண்டு. இயக்கத்தின் விவாதங்களுக்குப் பல அத்தியாயங்களை ஒதுக்கும் ஆசிரியர், தந்தையின்றி வளர்ந்த பிள்ளைகளைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். 1964இல் நீதிமன்றத்தில் தம் உயிரையே தர முன்வந்தார், அது அவருக்குரியது. பிள்ளைகளின் இளமை அவ்வாறு தரத்தக்கதா? நூல் விடை கூறவில்லை. தம்மை நியாயப்படுத்திக்கொள்ளவும் இல்லை. அந்நேர்மைக்காகவே இதனை நாம் படிக்க வேண்டும்.