கல்லில் எந்த ‘ல’?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுவிட்டு கிராஞ்சி போர் நினைவகத்துக்குப் போனோம். கூட வந்த தம்பி சிவகங்கைப் பக்கத்துக்காரன், இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறான். வாரம் முழுக்கச் சுவர் எழுப்புகிறவன், ஞாயிறும் ஒரு சுவரைப் பார்க்க வந்ததுதான் வேடிக்கை.

சுவரில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவுப் பெயர்களை வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தேன். முடியவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்து. ‘எல்’ வந்தால் அது லவா, ளவா, ழவா? உச்சரிக்கத் தெரியாத பெயருக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது?

தம்பி வேறொன்றைக் கவனித்திருந்தான். “அண்ணே, இதுல ஊர்ப் பேரே இல்லியே?”

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் வடிவமைத்த இந்த நினைவகம் 1957 மார்ச் 2 அன்று திறக்கப்பட்டது. உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இதில் உள்ளன. வரிசையாக நிற்கும் தூண்கள் தரைப்படை, விமான இறக்கை போன்ற கூரை வான்படை, நடுவே நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதி போன்ற கோபுரம் கடற்படை. அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேலே பார்த்தால் படை, சுவரைப் பார்த்தால் படைப்பிரிவு, அதற்குள் பதவி, கடைசியில்தான் ஆள். பின்னால் இன்னொரு சின்ன நினைவகம் இருக்கிறது. எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது. பெரும்பாலும் இந்தியப் படையினர். அங்கே வருகிறவர்கள் குறைவு.

நம் ஊர் நடுகல்லை யோசித்துப் பாருங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் செத்த ஒருவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். ஆள் யார், எந்த ஊர்ச் சண்டை, எல்லாம் தமிழ் பிராமி எழுத்தில் ஓரிரு வரிதான். இறந்தவனின் மொழியிலேயே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஓரிரு வரி, இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அவனை ஊரோடு சேர்த்தே நமக்குத் தருகிறது.

பீச் ரோட்டில் உள்ள பொதுமக்கள் நினைவுச்சின்னத்தில் தமிழ் இருக்கிறது. ஜப்பானிய ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் 1962இல் புதைகுழிகளிலிருந்து வெளிப்பட, அதற்குப்பின் எழுந்தது அது. ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் லியோங் ஸ்வீ லிம் வடிவமைக்க, 1967 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்டது. 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்கு தூண்கள், நான்கு சமூகங்கள். ஊரில் எல்லோருக்கும் அது ‘சாப்ஸ்டிக்ஸ்’தான். அடியில் நான்கு மொழிகளில் வாசகம். பெயர் ஒன்றுகூட இல்லை. அடையாளம் தெரியாத எலும்புகளுக்குப் பெயர் எங்கிருந்து வரும், அது புரிகிறது. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். எப்படிச் செத்தார்கள் என்று தெரியாத மக்களைக்கூட எந்த இனம் என்று பிரித்து நிறுத்த முடிந்திருக்கிறதே! 1967இல் புதுநாட்டுக்கு அந்த நான்கு தூண்கள் தேவைப்பட்டன. செத்தவர்களுக்குத் தேவைப்பட்டதா என்று சொல்ல ஆளில்லை.

எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் ஐ.என்.ஏ. வீரர்களுக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார், மவுண்ட்பேட்டன் உத்தரவில், அந்தச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். தோட்டக்காட்டுத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த படை அது. சின்னத்தில் இருந்த முழக்கமோ இந்துஸ்தானி: இத்தேஃபாக், இத்மாத், குர்பானி. இடிக்காமல் விட்டிருந்தாலும் அவர்களில் பலர் அதை வாசித்திருக்க முடியாது. 1995இல் வைத்த அடையாளக் கல்தான் இப்போது அங்கே நிற்கிறது.

கிராஞ்சிக்கு வருகிறேன். அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. சுவரில் இடமில்லாதது அதற்குள் உண்டு. சிலருக்கு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர். கல்லில் இருக்க வேண்டியது காகிதத்துக்குப் போய்விட்டது என்பதுதான் என் புகார். தம்பியிடம் அதைக் காட்டினேன். வெயிலில் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினான். ‘ராம்நாட்’ என்று முடிந்த ஒரு வரியில் விரல் நின்றது.

“எங்க ஜில்லா அப்ப ராம்நாடுதான் அண்ணே.”

அதற்கு முன்னால் இருந்த ஊர்ப் பெயரை இரண்டு பேரும் மூன்று விதமாக வாசித்துப் பார்த்தோம். பிறகு அவன் போனை எடுத்து, ஊரில் அம்மாவைக் கூப்பிட்டு, மூன்றையும் சொல்லிக் கேட்டான்.