பில்ட் ஆனால் போதுமா?

கம்பைலரோ அசெம்பிளரோ புதிய பதிப்புக்கு மாறியதும், நேற்றுவரை ஒழுங்காக பில்ட் ஆன கெர்னல் அசெம்பிளி வரிகளில் சிக்கி நின்றுவிடுவதுண்டு. அப்போது பலரும் கைக்கொள்ளும் முறை ஒன்றுதான்: பிழை காட்டிய வரியில் மட்டும் மிகச் சிறிய மாற்றம் செய்து பில்டை முடித்துவிடுவது. இம்முறைக்கு வலிமையும் உண்டு, ஆபத்தும் உண்டு. லினக்ஸ் கெர்னலின் வரலாறு இரண்டையும் காட்டுகிறது.

முதலில் வலிமை. 2005-இல் குனு அசெம்பிளரின் புதிய பதிப்புகள், செக்மென்ட் ரெஜிஸ்டருக்கும் நினைவகத்துக்கும் இடையே ‘மூவ்எல்’ என்ற 32 பிட் கட்டளையை ஏற்க மறுத்தன. மறுப்பு நியாயமானதே. செக்மென்ட் ரெஜிஸ்டரின் அளவு 16 பிட். நினைவகத்தில் எழுதப்படுவதும் 16 பிட் மட்டுமே. வன்பொருள் செய்யாத ஒன்றைப் பழைய வரி சொல்லிக்கொண்டிருந்தது. கெர்னலில் அது ‘மூவ்’ என்று திருத்தப்பட்டது. ‘மூவ்டபிள்யூ’ என்று எழுதினாலும் பிழைச்செய்தி போயிருக்கும். ஆனால் பழைய அசெம்பிளர்கள் தேவையில்லாத ஒரு முன்னொட்டு பைட்டைச் சேர்த்திருக்கும். ‘மூவ்’ பழையதற்கும் புதியதற்கும் பொருந்தியது. நீக்கியது ஓர் எழுத்து. அதைத் தேர்ந்தெடுக்கக் கட்டளையின் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டியிருந்தது. சிறிய திருத்தம் சிறப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அடுத்தது, நல்ல நோக்கத்தோடு செய்தும் நிலைக்காத திருத்தம். சி நிரலுக்குள் எழுதப்படும் இன்லைன் அசெம்பிளியின் அளவை ஜிசிசி கம்பைலர் வரிகளை எண்ணித்தான் மதிப்பிடுகிறது. கெர்னலிலோ அவ்வரிகளில் பல வேறு பகுதிக்குப் போகும் அட்டவணைத் தகவல்கள். இதனால் சின்னஞ்சிறு செயற்கூறுகளையும் பெரியவை என்று எண்ணி, அழைக்கும் இடத்திலேயே விரிக்காமல் (இன்லைன் செய்யாமல்) ஜிசிசி விட்டுவிட்டது. 2018-இல் அவ்வரிகளை அசெம்பிளர் மேக்ரோக்களுக்குள் மறைத்து, கம்பைலரின் கண்ணுக்கு ஒரே வரியாகக் காட்டினார்கள். சிக்கல் உண்மையானது, பலனும் கிடைத்தது. ஆனால் கம்பைலரின் குறையைக் கெர்னலின் பில்ட் அமைப்பு சுமக்க நேர்ந்தது. பல கணினிகளில் பகிர்ந்து பில்ட் செய்வது தடைப்பட்டது. 4.20 பதிப்பு வெளிவரும் முன்பே அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. ஜிசிசி 9 தந்த ‘அசெம் இன்லைன்’ வசதியே முறையான தீர்வாயிற்று. குறை எங்கே இருக்கிறதோ அங்கே திருத்துவதற்கு நாளாகும். ஆனாலும் அதுவே நிலைக்கும்.

இவற்றைவிடக் கொடிய வகை ஒன்று உண்டு. இன்லைன் அசெம்பிளிக்குள் என்ன நடக்கிறது என்று கம்பைலர் ஆராய்வதில்லை. உள்ளீடு, வெளியீடு, மாறும் ரெஜிஸ்டர்கள், நினைவக மாற்றம் என்று நாம் தரும் பட்டியலை அப்படியே நம்புகிறது. ரெஜிஸ்டர் போதவில்லை என்று அது பிழை காட்டும்போது, பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்தால் பில்ட் ஓடிவிடும். அந்தப் பொய்யை நம்பி கம்பைலர் அதே ரெஜிஸ்டரில் வேறொரு மதிப்பை வைக்கலாம். நினைவகம் மாறும் என்பதைச் சொல்லாமல் விட்டால், பூட்டுக்குள் நடக்க வேண்டிய வாசிப்பு பூட்டுக்கு வெளியே நகரலாம். எச்சரிக்கை ஏதும் வராது. கெர்னலில் இதன் விளைவு, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் தரவுச் சிதைவு. பில்டிலேயே நின்றிருக்க வேண்டிய பிழையைப் பயனரின் கணினிக்கு அனுப்பிவைப்பது திருத்தமாகாது.

ஆகவே, பில்ட் வெற்றியை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. பழைய கருவியால் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பில்ட் செய்து, ஆப்ஜ்டம்ப் வழியே இயந்திரக் கட்டளைகளை ஒப்பிடுங்கள். மாற்றமில்லை என்றால் திருந்தியது எழுத்துமுறை மட்டுமே. வேறுபட்டால் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். பட்டியலில் கை வைத்திருந்தால், இந்த ஒப்பீடும் போதாது. பட்டியலையே அசெம்பிளியின் ஒவ்வொரு வரியோடும் சரிபார்க்க வேண்டும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் பில்ட் செய்து பாருங்கள். எந்தக் கருவியின் எந்தப் பதிப்புக்காக, ஏன் மாற்றினீர்கள் என்பதைக் கமிட் குறிப்பில் எழுதுங்கள். வன்பொருள் செய்வதை வரி உண்மையாகச் சொல்லும்போதுதான் திருத்தம் முடிகிறது.