உரையாடலில் விடுபட்ட குரல்

நம் ஏரிக்கரைகளையும் சேரிகளையும் பற்றிப் பேசும் வரலாற்று நூல் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் பெர்க்லியில் வரலாறு போதித்த யூஜின் இர்ஷிக் 1994-இல் வெளியிட்ட ‘டயலாக் அண்ட் ஹிஸ்டரி’ அத்தகையதோர் அரிய நூல். 1795 முதல் 1895 வரையிலான செங்கற்பட்டுச் சீமையே அதன் களம்.

நம் சமூகத்தைப் பற்றிய அறிவை ஆங்கிலேயர் தாமாகவே படைத்துத் திணித்துவிடவில்லை. உள்ளூராரோடு நிகழ்ந்த நெடிய உரையாடலிலேயே அது பிறந்தது என்பது ஆசிரியரின் கோட்பாடு. ஏரி காத்த இராமர் கதையால் மதுராந்தகத்தார் நன்கறிந்த கலெக்டர் பிளேஸ், இங்கே மிராசுதாரரின் உரிமைகளோடு மல்லுக்கு நிற்கும் அதிகாரியாகக் காட்சி தருகிறார். ஆளப்பட்டோரை ஊமைகளாகக் காட்டும் பழக்கத்தை ஆசிரியர் முறித்திருப்பது பாராட்டுக்குரியது.

ஆயினும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. அவ்வுரையாடலில் அமர்ந்தவர் யார்? மிராசுதாரர் பேசினார், அதிகாரி எழுதினார். சேற்றில் நின்ற பண்ணையாளோ பெரும்பாலும் பேசுபொருளாகவே இருந்தார். ‘உரையாடல்’ என்னும் இனிய சொல் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது. அரசும் நிலவுடைமையாளரும் கொண்டிருந்த உறவை 2014-இல் வெளிவந்த தம் நூலில் ரூபா விஸ்வநாத் கடுமையாக ஆராய்ந்திருப்பதை இதனோடு சேர்த்துப் படிப்பது நலம்.

1891-இல் கலெக்டர் டிரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை; தரிசு நிலம் கேட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்று எடுத்துரைத்தார். அவர் கேட்டவையெல்லாம் ஏற்கப்படவில்லை. எனினும் 1892 அரசாணையால் பஞ்சமி நிலங்கள் பிறந்தன. பத்தாண்டுகள் விற்கலாகாது; அதன் பின்பும் ஒடுக்கப்பட்டோருக்கன்றி வேறெவருக்கும் கைமாறலாகாது என்பது நிபந்தனை.

அமெரிக்காவில் 1865 ஜனவரியில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடும்பத்திற்கு நாற்பது ஏக்கர் வரை வழங்கத் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அவ்வாண்டு முடியுமுன்னரே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலங்களைப் பழைய உடைமையாளருக்கே திருப்பியளிக்கச் செய்தார். அங்கே ஆணை முறிந்தது. இங்கே ஆணை நின்றது, நிலம் நழுவியது.

இர்ஷிக்கின் நூல் வெளிவந்த அதே 1994-இல், மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டனர். அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் துறந்தனர். நூற்றாண்டு காலமாக விடுபட்டிருந்த குரல் உரையாட வந்தபோது கிடைத்த மறுமொழி அது!

சீர்திருத்தம் தாளில் முடிந்துவிடுவதில்லை. இதைச் சொல்லும் நாம், வழிபாட்டில் தனி இடமும் கல்லறையில் தனிச்சுவரும் வகுத்த பாவத்திற்கு உரியவர்களே என்பதையும் மறக்கலாகாது. ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர், உடன்பிறந்தார் இழந்த நிலத்தைப் பற்றி அக்கறையற்று இருக்கலாமா? இந்நூலைப் படிப்போர் தம் கிராமப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பஞ்சமி என்று குறித்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்பதிலிருந்தே உண்மையான உரையாடல் தொடங்கும்.