பிரிவினை என்னும் சொல்லும் பள்ளிப் பாடமும்: 1947-இன் இழப்பைத் தமிழில் கற்பித்தல்

1947-ஆம் ஆண்டில் பஞ்சாபும் வங்காளமும் இரண்டாக வெட்டப்பட்டதைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொல் 'பிரிவினை' என்பதாகும். இச்சொல் தமிழ் வழக்கில் பெரிதும் குடும்பச் சொத்தோடு தொடர்புடையது. 'பாகப்பிரிவினை' பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாள்தோறும் புழங்கும் தொடர். 1959-இல் வெளிவந்த திரைப்படத்தின் தலைப்பாகவும் அஃது அறியப்படும். பாகப்பிரிவினையில் பங்காளிகள் உண்டு, பத்திரம் உண்டு, எல்லைக்கல் உண்டு. மனத்தாங்கலும் இருக்கலாம். எனினும் பங்கு பெற்றவர் தத்தம் பங்கில் குடியிருப்பர்.

1947-இல் நிகழ்ந்தது அதுவன்று. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்கள் இடம்பெயர்ந்தனர். இறந்தோர் தொகை இரண்டு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. எல்லை வகுக்க ராட்கிளிஃப் இந்தியாவிற்கு வந்தது ஜூலை 8-இல். எல்லைக்கோடு வெளியிடப்பட்டது ஆகஸ்டு 17-இல், அதாவது விடுதலை நாளுக்குப் பின்னர். முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் முதலில் ஏற்றப்பட்டு, எல்லைக்கோடு தெரிந்தபின் மாற்றப்பட்டன. இவ்வளவையும் 'பிரிவினை' என்னும் ஒரு சொல் தாங்குமா என்பது பாடநூலைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ள வேண்டிய முதல் வினா.

உயிர்தப்பியோர் வேறு சொற்களையே வழங்கினர். 2007-இல் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூல், பிரிவினை பற்றிய இயலில் இதனைக் குறிப்பிட்டிருந்தது. 'மாஷல்-லா', 'மாரா-மாரி', 'ரௌலா', 'ஹுல்லர்' என்பன அச்சொற்கள். இவற்றுள் ஒன்றேனும் பகுத்தலையோ பங்கிடுதலையோ குறிப்பதில்லை என்பது கருதத்தக்கது. 'மாஷல்-லா' என்பது 'மார்ஷல் லா' என்னும் ஆங்கிலத் தொடர் ரகரம் கெட்டு மக்கள் வாயில் உருமாறியது. அரசின் சட்டச் சொல் ஒன்று, அரசே இல்லாதுபோன நாட்களின் பெயராயிற்று. 'ரௌலா' என்பதற்குத் தமிழில் 'கலவரம்' எனப் பெயர்ப்பது எளிது. ஆயின் அது காவல் நிலையப் பதிவேட்டின் சொல். 'அமளி' என்பதே பொருந்தும். எங்கிருந்து வருகிறது, எப்போது ஓயும் என்று அறியப்படாத கூச்சல் என்னும் பொருள் அதில் உண்டு.

சொல் பற்றிய இவ்வாராய்ச்சி மிகையன்று. அமிர்தசரசிலோ கொல்கத்தாவிலோ பயிலும் பிள்ளைக்குப் பாடநூல் தவறினாலும் பாட்டியின் பேச்சு உண்டு. தமிழ் வழியில் பயிலும் பிள்ளைக்கு அத்தகைய குடும்ப நினைவு பெரும்பாலும் இல்லை. சொல் ஒன்றே வழி. அச்சொல்லையும் பள்ளி மூன்றாகக் கூறிட்டு வைத்திருக்கிறது. காரணங்களும் எண்ணிக்கையும் வரலாற்றுப் பாடவேளைக்கு, புலம்பல் மொழிப்பாடத்திற்கு, பாட்டு காலை வழிபாட்டிற்கும் ஆண்டுவிழாவிற்கும். இழப்பைச் சொன்ன சிறந்த படைப்புகளோ இம்மூன்றையும் பிரிக்கவொண்ணாதபடி பின்னியவை.

அமிர்தா பிரீதம் வாரிஸ் ஷாவை விளித்து எழுதிய பஞ்சாபிக் கவிதை இதற்கு முதன்மைச் சான்று. 1919-இல் குஜ்ரன்வாலாவில் பிறந்த அவர், லாகூரை விட்டு வெளியேறியபின் டேராடூனுக்கும் தில்லிக்கும் இடையே ஒரு தொடர்வண்டிப் பயணத்தில் இதனை எழுதினார். விளிக்கப்படும் வாரிஸ் ஷா 1766-இல் 'ஹீர்' காப்பியத்தை நிறைவு செய்தவர். பஞ்சாபின் மகள் ஒருத்தி அழுதபோது அத்தனை எழுதிய நீ, இன்று இலட்சக்கணக்கான மகள்கள் அழுகையில் கல்லறையிலிருந்து பேசு என்பது வேண்டுகோளின் கருத்து. இக்கவிதையை மொழிப்பாடத்தில் தனியே வைத்து 'மையக்கருத்தை எழுதுக' என்று வினவினால், 'கவிஞர் மக்களின் துயரைப் பாடுகிறார்' என்னும் விடையே வரும். அவ்விடை பிழையன்று, பயனும் அன்று.

அந்த 'ஒருத்தி' யார் என்பது தெரிந்தாலன்றிக் கவிதை திறவாது. ஜங் நகரத்துச் சியால் குலத்து ஹீர், தக்த் ஹசாராவிலிருந்து வந்த ராஞ்சாவை விரும்புகிறாள். வேறொருவனுக்கு மணம் செய்விக்கப்பட்டு, பின் காதலனோடு வெளியேறி, பிடிபட்டு, இறுதியில் சொந்தக் குடும்பத்தாரால் நஞ்சூட்டப்பட்டு இறக்கிறாள். உடன்போக்கும் இற்செறிப்பும் அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இக்கதையின் முற்பகுதி அயலானதன்று. பிற்பகுதியே புதியது. பாலைத் திணையின் பிரிவில் பிரிந்தவன் மீள்வான் என்னும் எதிர்பார்ப்பு உண்டு. ஹீரின் கதையில் வீடே நஞ்சைத் தருகிறது. அமிர்தா பிரீதம் தம் கவிதையில் ஐந்து ஆறுகளின் நீரிலும் நஞ்சு கலந்ததாகக் கூறுவதன் ஆற்றல் இங்கேதான் உள்ளது. அது பொதுவான உருவகமன்று. ஹீரின் கிண்ணத்தில் இருந்த நஞ்சு ஆறுகளுக்குப் பெயர்ந்திருக்கிறது. ஊட்டியவர் அயலார் அல்லர், வீட்டாரே என்னும் குற்றச்சாட்டும் அதனுடன் பெயர்கிறது. அடிக்குறிப்பில் 'வாரிஸ் ஷா: 18-ஆம் நூற்றாண்டுப் பஞ்சாபிக் கவிஞர்' என்று மட்டும் தரும் பாடநூல் இக்குற்றச்சாட்டை அழித்துவிடுகிறது. ஹீரின் ஊரும் ராஞ்சாவின் ஊரும் இன்று பாகிஸ்தானில் உள்ளன என்பதையும் அதே அடிக்குறிப்பில் சேர்க்கலாம். இடம் மிகுதியாகத் தேவைப்படாது.

இன்னொரு சொல்லும் நோக்கத்தக்கது. வாரிஸ் ஷா எழுதியவற்றை அமிர்தா பிரீதம் குறிக்கும் சொல் 'வைண்'. இது பஞ்சாபிப் பெண்கள் இழவு வீட்டில் சொல்லியழும் அழுகையைக் குறிப்பது. 'சோகப் பாடல்' என்றோ 'இரங்கற்பா' என்றோ இதனைத் தமிழாக்கினால் பெண்குரல் மறைந்து புலவர் குரலாகிவிடும். 'ஒப்பாரி' என்பதே நேரானது. ஆண் ஒருவர் எழுத்தில் ஏற்றிய பெண்களின் ஒப்பாரியை, பெண் ஒருவர் அவரிடமே திரும்பக் கேட்கிறார் என்னும் நுட்பம் அப்போதுதான் நிற்கும். கையறுநிலை என்னும் புறத்துறையோடு ஒப்பிடும் ஆசிரியர் ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டியிருக்கும். கையறுநிலையில் இறந்தவனுக்குப் பெயர் உண்டு, குன்றும் நாடும் உண்டு. இங்கு இறந்தோர்க்குப் பெயரில்லை. அதனாற்றான் பெயர் தாங்க ஹீர் தேவைப்படுகிறாள்.

இக்கவிதையைக் கண்ணால் படிப்பதினும் செவியால் கேட்பதே தகும் என்பதற்கு மொழியியல் காரணம் ஒன்றும் உண்டு. பஞ்சாபி இந்தியாவில் குர்முகி எழுத்திலும் பாகிஸ்தானில் ஷாமுகி எழுத்திலும் எழுதப்படுகிறது. ஒரு பக்கத்தார் அச்சிட்ட தாளை மறுபக்கத்தார் பலரால் படிக்க இயலாது. பாடினால் இருவர்க்கும் விளங்கும். 1959-இல் பாகிஸ்தானில் வெளிவந்த 'கர்த்தார் சிங்' திரைப்படத்தில் இக்கவிதை பாடலாயிற்று. ஹீர் காப்பியம் மரபாகப் பைரவி ராகத்தில் பாடப்படுவது; சிந்துபைரவி பழகிய தமிழ்ச் செவிக்கு அம்மெட்டு தொலைவானதன்று. மொழிபெயர்ப்பைப் படிக்குமுன் மூலத்தின் ஓசையை வகுப்பில் ஒருமுறை கேட்பிப்பது, பொருள் விளங்காத நிலையிலும், அச்சுப்பாடத்தால் இயலாத ஒன்றைச் செய்யும்.

வங்காளத்திலிருந்து எடுக்கத்தக்கது இதற்கு முற்றிலும் மாறானது. அன்னதா சங்கர் ராய் 1947-இல் எழுதிய 'சொடா' எனப்படும் சிறுவர் பாட்டு. எண்ணெய்க் குப்பியை உடைத்துவிட்ட சிறுமியைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களை நோக்கி, நாட்டையே உடைக்கும் நீங்கள் மட்டும் யார் என்று அது வினவுகிறது. அழுகை சிறிதும் இல்லை, எள்ளல் மட்டுமே. தமிழ்ச் சிறுவர் பாட்டில், பாரதியின் பாப்பாப் பாட்டு முதலாகப் பெரியவர் கூற, பிள்ளை கேட்பதே பெருவழக்கு. இங்கு அவ்வுறவு தலைகீழாகிறது. ஐ.சி.எஸ். அலுவலராக இருந்த ஒருவர் நாட்டின் தலைவர்களைக் குழந்தைகளாக்கிக் கடிய, குழந்தைப் பாட்டின் வடிவத்தைத் தேர்ந்தார் என்பது வகுப்பில் தனியே பேசத்தக்கது.

மொழிபெயர்ப்போர்க்கு இது கடுஞ்சோதனை. சிறுமியைக் குறிக்கும் 'குக்கு', சிறுவனைக் குறிக்கும் 'கோகா' என்னும் இணைச்சொற்களின்மேல் பாட்டு நிற்கிறது. தலைவர்கள் முதிய 'கோகா'க்கள். தமிழில் 'பாப்பா' என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் வரும். 'வயது முதிர்ந்த குழந்தைகள்' என்பது உரையேயன்றிப் பாட்டாகாது. 'நரைத்த பாப்பாக்கள்' எனலாம். பால் வேறுபாடு போய்விடும், ஏளனம் தங்கும். உடைத்தலையும் பங்கிடுதலையும் குறிக்கும் வங்கச் சொற்கள் ஓசையால் ஒன்றையொன்று ஒட்டியவை. 'பிளந்து', 'பிரித்து' என்னும் மோனை ஓரளவு ஈடுசெய்யும். இனி, மாவட்டம், நிலம், வீடு, சணல் கிடங்கு, நெற்குதிர், ஆலை, இரயில்வண்டி எனப் பங்கிடப்படும் பொருள்களை அப்பாட்டு அடுக்கிச் செல்கிறது. இது பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சொத்துப் பட்டியலன்றி வேறில்லை. எனவே 'பிரிவினை' என்னும் தமிழ்ச்சொல் பஞ்சாபிக் கவிதைக்குப் பொருந்தாத அதே காரணத்தால் இவ்வங்கப் பாட்டிற்கு மிகப் பொருந்துகிறது. சொத்தாக நினைத்தவர்களைத்தானே பாட்டு இடித்துரைக்கிறது.

மேற்குறித்த வரலாற்று நூலின் சிறப்பு, புள்ளிவிவரத்தோடு நில்லாமல் வாய்மொழிச் சான்றுகளையும் கற்பித்ததாகும். இந்தியாவிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்க்கு லாகூர் நூலகத்துப் பணியாளர் ஒருவர் மிகுந்த உதவி செய்கிறார். காரணம் கேட்கையில், 1947-இல் தம் தந்தையின் உயிரைக் காத்த இந்து மூதாட்டி ஒருவரைப் பற்றிக் கூறி, தந்தை பட்ட 'கர்ஸ்' அதாவது கடனைத் தாம் அடைப்பதாக விடையிறுக்கிறார். இங்குத் தமிழுக்குக் கிடைப்பது மூலத்தினும் மிகுதி. 'கடன்' என்பது பட்ட கடனையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். 'நீத்தார் கடன்' என்னுமிடத்து இறந்தோர்க்குச் செய்வதையும் குறிக்கும். மூன்றும் அம்மனிதர் செய்கையில் உள்ளன. 2022-இல் பாடச்சுமைக் குறைப்பின்போது அவ்வியல் முழுவதும் நூலிலிருந்து நீக்கப்பட்டது. சுமை குறைந்திருக்கலாம். மாணாக்கர் வாய்மொழிச் சான்றை மதிப்பிடப் பயிலும் அரிய இடம் ஒன்றும் அத்துடன் சென்றது.

மேல்நிலை வகுப்பிற்கன்றி வைக்கவொண்ணாத படைப்பு ராஜிந்தர் சிங் பேதியின் 'லாஜ்வந்தி' என்னும் உருதுச் சிறுகதை. 1947-இல் கடத்தப்பட்ட பெண்களை மீட்டு உரிய நாட்டிற்கு அனுப்பும் பணி 1954 வரை நடந்தது. மீட்கப்பட்டோர் ஏறத்தாழ 30,000 பேர். இதற்கெனச் சட்டம் 1949-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி வயது வந்த பெண்ணும் தன் விருப்பத்தைக் கூறி மறுக்க இயலாது. 'மீட்பு' என்னும் தமிழ்ச்சொல் அடகுவைத்த நகைக்கும் வழங்குவது. இவ்விடத்தில் அப்பொருத்தம் கசப்பானது.

கதைத் தலைப்பு நாயகியின் பெயரும், தொட்டாற்சுருங்கிச் செடியின் பெயரும் ஆகும். தொட்டால் வாடும் அச்செடியைப் பற்றிய பஞ்சாபி நாட்டுப்பாடல் கதையில் ஊடாடுகிறது. 'லஜ்ஜை' அடிச்சொல்லாக இருப்பதால் பெயருக்குள்ளேயே நாணம் இருக்கிறது. தமிழ்ச் செடிப்பெயரில் அது இல்லை. 'தொட்டாற்சிணுங்கி' என்றால் எளிதில் அழும் பிள்ளையின் நினைவு வந்து கதையையே கெடுக்கும். பெயரை லாஜ்வந்தி என்றே வைத்து, 'சுருங்கி' என்னும் வழக்கைப் பாடலில் மட்டும் ஆள்வது தக்கது.

கதையின் முடிவில் தலைப்பினும் பெரிய இடர் உள்ளது. முன்பு மனைவியை அடித்துவந்த சுந்தர்லால், அவள் மீண்டு வந்தபின் அவளைத் 'தேவி' என்று அழைக்கிறான். அவள் நடந்ததைச் சொல்ல முற்படும்போது, அதனை மறப்போம் என்று தடுத்துவிடுகிறான். 'தேவி' என்னும் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை. தமிழிலும் அதுவே சொல். அதனாலேயே மாணாக்கர் அதனைப் புகழ்ச்சி என்று படித்துக் கடந்துவிடக்கூடும். அவள் பேச்சு எந்த வரியில் நிறுத்தப்படுகிறது என்று காட்டி, அவ்விடத்தில் வகுப்பையும் சற்றே நிறுத்துவது ஆசிரியரின் வேலை.